பஞ்சர் கடைச் சொலூஷனும் நடைமேடைச் சிறுவர்களும்: உள்ளிழுப்புப் போதை குறித்து ஓர் எளிய விளக்கம்

ரயில் நிலையத்தின் கடைசி நடைமேடையில், மேற்கூரை முடிந்துபோகும் இடத்தில், சுருட்டிய துணியை மூக்கோடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் சிறுவனைப் பலரும் பார்த்திருப்போம். அருகில் காலித் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த சாக்கு ஒன்று கிடக்கும். 'கஞ்சா அடிக்கிறான்' என்பார் ஒருவர். 'பசை வாசனைக்கு அடிமையாகிவிட்டான்' என்பார் இன்னொருவர். 'நாலு அடி போட்டுத் துரத்தினால் திருந்துவான்' என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். மூன்றுமே தவறு. மூன்றாவது தவறு அச்சிறுவனின் உயிரையே பறிக்கக்கூடியது. ஏன் என்பது விளங்க வேண்டுமானால், அந்தத் துணியில் இருப்பது என்ன, அது உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

தெருவோரச் சிறுவர்கள் என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவோர் உண்மையில் மூன்று வகையினர். பகலில் தெருவில் வேலை செய்து இரவில் வீடு திரும்புவோர் ஒரு வகை. குடும்பத்தோடு நடைபாதையிலேயே வாழ்வோர் இன்னொரு வகை. குடும்பத்தை இழந்தோ, வீட்டைவிட்டு ஓடிவந்தோ, தன்னந்தனியாகத் தெருவில் கிடப்போர் மூன்றாம் வகை. உள்ளிழுப்புப் பழக்கம் மிகக் கடுமையாகப் பிடித்திருப்பது இந்த மூன்றாம் வகையினரைத்தான்.

இந்தியாவில் போதைப்பொருள் பயன்பாட்டின் அளவை அறிய மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் அறிக்கை 2019ஆம் ஆண்டு வெளியானது. மது, கஞ்சா, அபின் வகைகள் என எதை எடுத்தாலும் பெரியவர்களிடமே பழக்கம் அதிகம். உள்ளிழுப்புப் பொருள்களில் மட்டும் கணக்கு தலைகீழாக இருந்தது. பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினரும், 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 1.17 விழுக்காட்டினரும் இவற்றைப் பயன்படுத்துவதாக அவ்வறிக்கை கூறியது. நம் நாட்டில் பெரியவர்களைவிடக் குழந்தைகளை அதிகமாகப் பிடித்திருக்கும் போதை இது ஒன்றுதான். உதவி தேவைப்படும் அளவுக்குப் பாதிக்கப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4.6 லட்சம் என அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதுவும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீடே இல்லாத பிள்ளைகள் அத்தகைய கணக்கில் முழுமையாக அகப்படுவதில்லை.

பஞ்சர் கடையில் சில நிமிடங்கள்

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் டியூபில் ஓட்டையுள்ள இடத்தை அரத்தால் அல்லது உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். சின்ன டியூபிலிருந்து சொலூஷனைப் பிதுக்கி விரலால் தடவுவார். உடனே ஒட்டுத்துண்டை வைக்கமாட்டார். ஊதிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார். பளபளவென்று ஈரமாக இருந்தது மங்கி, தொட்டால் பிசுபிசுக்கும் பதத்துக்கு வந்த பிறகே ஒட்டுவார்.

அந்தக் காத்திருப்பில் டியூபின் மேல் இருந்த ஏதோ ஒன்று காற்றோடு போய்விட்டது. மிஞ்சியது ரப்பர் மட்டும். ரப்பர் தானாக டியூபிலிருந்து பிதுங்கி வராது. அதை ஒரு திரவத்தில் கரைத்தால்தான் தடவும்படி ஆகும். அப்படி ஒன்றைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். சர்க்கரைக்குத் தண்ணீர் கரைப்பான். ரப்பருக்கும் பெயின்டுக்கும் தண்ணீர் உதவாது. டொலுயீன், ஹெக்ஸேன் போன்ற பெட்ரோலிய வகைத் திரவங்கள் வேண்டும். இவை அறை வெப்பத்திலேயே, தட்டில் வைத்த சூடம் கரைந்து காணாமல் போவதுபோல், ஆவியாகிவிடக் கூடியவை. ஆகையால் இவற்றை ஆவியாகும் கரைப்பான்கள் என்பர்.

கடைக்காரர் காற்றில் போகவிடும் அந்தப் பொருளைத்தான் நடைமேடைச் சிறுவன் தன் நெஞ்சுக்குள் இழுக்கிறான். பசை அவனுக்குத் தேவையே இல்லை. காலணி ஒட்டும் பசை, பெயின்டில் கலக்கும் தின்னர், எழுத்துப் பிழை அழிக்கும் ஒயிட்னர், நகப்பூச்சு அழிப்பான், பெட்ரோல் என்று பொருள் எதுவானாலும், அவற்றில் பொதுவாக இருப்பது இந்தக் கரைப்பான். மூச்சு வழியாக இழுத்து மயக்கம் தேடப்படும் இத்தகைய பொருள்களுக்குத்தான் உள்ளிழுப்புப் போதைப்பொருள் என்ற பொதுப்பெயர். டெல்லி, மும்பை ரயில் நிலையச் சிறுவர்கள் இதைச் 'சுலோச்சன்' என்கிறார்கள். சொலூஷன் என்ற ஆங்கிலச் சொல் அந்தப் பிள்ளைகளின் வாயில் புரண்டு புரண்டு ஒரு பெண்ணின் பெயர்போல ஆகியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

நுரையீரல் என்னும் குறுக்குவழி

ஒரு மாத்திரையை விழுங்கினால் அது வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ஊருக்குள் நுழையும் வழியில் இருக்கும் சோதனைச் சாவடி போன்றது கல்லீரல். வருவதில் ஒரு பகுதியை அங்கேயே சிதைத்துவிட்டு மீதியைத்தான் உள்ளே விடும். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம்.

மூச்சு வழியில் இந்தச் சாவடி இல்லை. நம் நுரையீரலில் 30 கோடிக்குக் குறையாத நுண்ணிய காற்றுப்பைகள் உள்ளன. அவற்றையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 750 சதுர அடி, அதாவது ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டின் தரையளவு வரும். அவ்வளவு பரப்பிலும் காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றுதான் உண்டு. அதைக் கடந்த ஆவி இரத்தத்தில் கலந்து, இதயத்தின் இடப்பக்கம் போய், அங்கிருந்து ஒரே துடிப்பில் மூளையை நோக்கி அனுப்பப்படுகிறது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

வந்த வேகத்திலேயே பாதிப்பும் தணியத் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் மயக்கம் குறைந்ததும் சிறுவன் மறுபடி இழுக்கிறான். மது அருந்துபவர் மாலையில் ஒரு முறை குடிக்கலாம். இந்தச் சிறுவனோ பகல் முழுவதும் துணியைக் கையில் வைத்திருக்கிறான். அவனுடைய பேராசையை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. அந்தப் பொருளின் இயல்பே அப்படி.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக்கொள்வோம். போதை தருவது பசையின் மணமோ பசையோ அன்று, அதிலுள்ள ஆவியாகும் கரைப்பான். அது நுரையீரல் வழியே நொடிகளில் மூளையை அடைகிறது. விரைவில் வடிந்துவிடுவதால் திரும்பத் திரும்ப இழுக்க வைக்கிறது.

மூளைக்குள் நடப்பது

கையில் ஒட்டிய கிரீஸைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் போய்விடும். எண்ணெய்ப்பசையை எண்ணெய் வகைத் திரவமே கரைக்கும். மூளையிலிருந்து நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிஞ்சும் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். ஒவ்வொரு நரம்பணுவையும் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதே. ஆகையால் கரைப்பானுக்கு மூளை மிகவும் இணக்கமான இடம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியை முகரவைத்து நோயாளிக்கு வலி தெரியாமல் அறுவைச் சிகிச்சை செய்து காட்டினார்கள். மறு ஆண்டே குளோரோஃபார்ம் வந்தது. ஈதரும் குளோரோஃபார்மும் கரைப்பான்களே. ஒரு மயக்க மருந்து ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அந்த அளவுக்கு அதன் வீரியமும் கூடுகிறது என்பதை 1900ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். துணியில் இருக்கும் டொலுயீனை அளவு பார்ப்பாரின்றி, மருத்துவரின்றி, சுத்தம் செய்யப்படாமல் கொடுக்கப்படும் மயக்க மருந்து என்று எண்ணிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மூளையில் ஓட்டும் சமிக்ஞைகளும் நிறுத்தும் சமிக்ஞைகளும் உண்டு, ஒரு வண்டிக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் இருப்பதுபோல. கரைப்பான் பிரேக்கை அழுத்துகிறது, ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. முதலில் அச்சத்தையும் கூச்சத்தையும் ஆளும் பகுதிகள் அடங்குவதால் சிறுவன் காரணமில்லாமல் சிரிப்பான், துணிந்து எதையும் செய்வான். பிறகு நாக்குக் குழறும், நடை தள்ளாடும், இல்லாதவை கண்ணில் தோன்றும். இன்னும் போனால் உறக்கம், அதற்கும் மேலே போனால் மூச்சு அடங்கல். இதனிடையே, பசித்தபோது உண்டால் நமக்குள் எழும் நிறைவுணர்வைத் தரும் டோபமின் என்ற வேதிப்பொருளும் மூளையில் சுரக்கிறது. 'இதை மறுபடி செய்' என்று உடலுக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

நாள்கள் செல்லச் செல்ல, முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போகும். இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். பிறகு அது இல்லாவிட்டால் எரிச்சலும் தூக்கமின்மையும் குமட்டலும் நடுக்கமும் வரும் நிலை ஏற்படும். இது சார்புநிலை. அடிமை என்ற சொல்லை நாம் சட்டென்று பயன்படுத்திவிடுகிறோம். இந்த இரண்டும் மூளையில் நிகழ்ந்த மாற்றங்கள் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

ஏன் இந்தப் பிள்ளைகள், ஏன் இந்தப் பொருள்

மலிவு, எளிதில் கிடைக்கும், வைத்திருந்தால் குற்றமில்லை என்பவை எல்லாரும் சொல்லும் காரணங்கள். அவை உண்மைதான். ஆனாலும் அவை முழு விடையாகா. மலிவான பொருள்கள் எத்தனையோ இருக்க, தனித்து வாழும் குழந்தை மயக்க மருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஏன் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

அவனுடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வந்து நிற்கும் வண்டிகளில் ஏறிக் காலி பாட்டில்களைப் பொறுக்குகிறான். எடைக்குப் போட்டு வரும் காசில் ஒரு வேளை சாப்பாடு வாங்கலாம், அல்லது சொலூஷன் வாங்கலாம். சாப்பாடு மதியத்துக்குள் செரித்துவிடும், சொலூஷனோ பசியை நாள் முழுக்க மறக்கடிக்கும். இரவு வந்தால் குளிர், கொசு. அவற்றைவிட, தூங்கும்போது யார் வந்து உதைப்பார்கள், யார் காசைப் பிடுங்குவார்கள், யார் உடலின் மேல் கை வைப்பார்கள் என்ற அச்சம். ஓடிவந்த பிள்ளைகள் பலருக்கு, விட்டுவந்த வீட்டில் வாங்கிய அடியின் நினைவும் உண்டு. பசி, குளிர், வலி, அச்சம், நினைவு ஆகிய ஐந்தையும் ஒரே மூச்சில் மரத்துப்போகச் செய்யும் பொருள் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. மருத்துவமனையில் நாம் எதற்காக மயக்க மருந்து கேட்கிறோமோ அதற்காகவே அவனும் கேட்கிறான்.

கூட்டாளிகளின் பங்கும் பெரிது. நடைமேடைக்குப் புதிதாக வந்து சேரும் பத்து வயதுப் பிள்ளைக்கு இடம் கொடுப்பதும் காவல் இருப்பதும் அங்கே முன்பே இருக்கும் பையன்கள்தாம். அவர்கள் நீட்டும் துணியை மறுப்பது அந்தப் பாதுகாப்பையே மறுப்பதாகும். குடும்பம் போன இடத்தில் அந்தக் குழு வந்து நிற்கிறது. 'கெட்ட சகவாசம்' என்று அதைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஆக, உள்ளிழுப்புப் பழக்கம் தெருவாழ்க்கையின் துன்பத்தைத் தணிக்க வந்த பழக்கம். துன்பம் அப்படியே இருக்கையில் துணியை மட்டும் பிடுங்கினால், மறுநாள் இன்னொரு துணி வரும்.

உடல் கொடுக்கும் விலை

மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை உண்டு. உறை கெட்டால் கம்பியில் மின்சாரம் ஒழுங்காகப் போகாது. நெடுநாள் டொலுயீன் இழுப்பவர்களின் மூளையில் இந்த உறை சிதைகிறது. நினைவு மங்குதல், பேச்சுக் குழறல், கை நடுக்கம், நடையில் தடுமாற்றம், காது கேட்பதில் குறைவு ஆகியவை அதன் அடையாளங்கள். மூளையில் மயலின் உறை கட்டப்படும் பணி இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது என்பது இங்கே மிகவும் முக்கியம். பெரியவரின் மூளையில் முடிந்த கட்டடம் சேதமாகிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமோ கட்டிக்கொண்டிருக்கும்போதே சுவர் கரைகிறது.

ஹெக்ஸேனின் சேதம் வேறு வகையானது. உடலுக்குள் அது வேறொரு நச்சுப்பொருளாக மாறி, கைகால்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகளைத் தாக்குகிறது. 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் வேலை செய்த தொழிலாளர்களுக்குக் கால்கள் செயலிழந்தபோது மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தனர். நீளமான நரம்பு முதலில் கெடுவதால் பாதத்தில் மதமதப்புத் தொடங்கும். பிறகு முன்பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடும். இழுப்பதை நிறுத்திய பின்னும் சில வாரங்கள் நிலைமை மோசமாகிவிட்டுத்தான் மெல்லத் தேறத் தொடங்கும். அதைக் கண்டு, நிறுத்தியதால்தான் கெட்டுப்போனது என்று சிறுவன் நினைத்துவிடக்கூடும். அவனைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

டொலுயீன் சிறுநீரகத்தைப் பாதித்து, இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுவதும் உண்டு. தசைகள் இயங்கப் பொட்டாசியம் வேண்டும். எழுந்து நிற்கக்கூட முடியாமல் படுத்துக்கிடக்கும் சிறுவனை 'போதையில் கிடக்கிறான்' என்று கடந்து போகிறோம். அவனுக்குத் தேவைப்படுவது உடனடி மருத்துவமாக இருக்கலாம். இவை தவிர, இந்த ஆவி எளிதில் தீப்பற்றும். துணியும் பீடியும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் தீக்காயம் எந்நேரமும் நேரலாம்.

துரத்தினால் என்ன ஆகும்

கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். ஆபத்தை உணர்ந்தவுடன் நம் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓடித் தப்புவதற்கான ஏற்பாடு அது. கரைப்பான் ஏறிய இதயம் இந்த அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும். சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். நடுங்கும் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளாது. சில நிமிடங்களில் மரணம். இதை 1970இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 110 இளைஞர்களின் இறப்புகளைத் தொகுத்து 'திடீர் முகர்வு மரணம்' என்ற பெயரில் விளக்கியது. எரிவாயு வகைகளிலும் குளோரின் கலந்த கரைப்பான்களிலும் இந்த ஆபத்து மிகுதி. முதல் முறை இழுத்தவருக்கும் நேரலாம்.

இழுத்த நிலையில் இருக்கும் சிறுவனை அதட்டுவதும் லத்தியோடு துரத்துவதும் அவன் இதயத்தில் அட்ரினலினை ஊற்றுவதற்குச் சமம். 'அடித்தால் திருந்துவான்' என்பவர்கள் இதை அறிந்தே சொல்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. அறிந்தபின் சொல்லமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

மயங்கிக் கிடந்தால் துணியை மெதுவாக விலக்கி, காற்றோட்டமான இடத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைக்க வேண்டும். தண்ணீர் புகட்டக் கூடாது. அருகில் யாரும் தீக்குச்சி கொளுத்தக் கூடாது. விழித்திருந்தால் தாழ்ந்த குரலில் பேசி உட்காரவைக்க வேண்டும்.

தடை எந்த அளவுக்கு உதவும்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவையும் அபினையும் பட்டியலிட்டிருக்கிறது. பஞ்சர் பசை அதில் இல்லை, இருக்கவும் முடியாது. சைக்கிள் கடையும் செருப்புத் தைப்பவரும் அதை நம்பியே பிழைக்கிறார்கள். ஒயிட்னரையும் அதற்கான தின்னரையும் புட்டிகளில் சில்லறையாக விற்பதை மத்திய அரசு 2012இல் தடைசெய்து, பேனா வடிவில் மட்டும் அனுமதித்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் ஒன்று கிடைக்காதபோது சிறுவர்கள் இன்னொரு கரைப்பானுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

பொருளையே மாற்றி வெற்றி கண்ட நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடி ஊர்களில் இளைஞர்கள் பெட்ரோல் முகர்வது பெருங்கேடாக இருந்தது. 2005 முதல் அங்கே மயக்கம் தரும் டொலுயீன் போன்றவை மிகக் குறைவாக உள்ள தனிவகைப் பெட்ரோல் விற்கப்பட்டது. முகர்வோர் எண்ணிக்கை பெருமளவு வீழ்ந்தது. 2013இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. ஊருக்கு ஒரே பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் இது கைகூடியது. கரைப்பான் பத்து விதமாகக் கிடைக்கும் நம் நகரங்களில் இதுவே போதும் என்று சொல்ல முடியாது.

மீள்வதற்கு வழி

கரைப்பான் போதையை முறிக்கும் மருந்து கிடையாது. சார்புநிலையை நீக்கவும் தனி மாத்திரை இல்லை. ஆனால் நிறுத்திவிட்டால் உடலும் மூளையும் ஓரளவு தேறுகின்றன, இளம் வயதில் நன்றாகவே தேறுகின்றன. முதல் சில நாள்கள் கடினம். எரிந்து விழுவான், தூங்கமாட்டான், ஓடிவிடப் பார்ப்பான். அந்த நாள்களில் அவனுக்கு வேண்டியவை வயிறார உணவு, பூட்டிய கதவுக்குப் பின்னால் அச்சமில்லாத உறக்கம், கத்தாமல் பேசும் ஒரு பெரியவர். மரத்துப்போக வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக அகற்றுவதே இங்கே சிகிச்சை. அதன் பிறகே ஆலோசனையும் பள்ளியும் குடும்பத்தைத் தேடுவதும் பலன் தரும். வீட்டில் அடி வாங்கி ஓடிவந்தவனை, விசாரிக்காமல் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அவன் அடுத்த வண்டியில் மறுபடி வந்து நிற்பான்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இத்தகைய சிறுவன் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'. அவனைக் கண்டெடுத்தவர்கள், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்க்க வேண்டும். காவல் நிலையத்தில் உட்கார்த்தி வைப்பதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. உடனே ஓரிடத்தில் அடைபட விரும்பாத பிள்ளைகளுக்காக, பகலில் வந்து உண்டு குளித்துப் படுத்துச் செல்லும் திறந்தநிலைத் தங்குமிடங்களையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. நடைமேடைப் பிள்ளைகளுக்கு இதுவே பொருத்தமான முதல் படி என்பது என் கருத்து. கதவு திறந்திருப்பதால்தான் அவர்கள் உள்ளே வருகிறார்கள்.

பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றில் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது. அது கண்ணில் படாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம். எந்த நிலையம், எத்தனையாவது நடைமேடை, ஏறத்தாழ என்ன வயது, விழித்திருக்கிறானா, தனியாக இருக்கிறானா என்ற ஐந்தையும் சொன்னால் அவர்கள் விரைந்து வர உதவும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு. ஆள் வரும்வரை அவனருகில் உட்கார்ந்திருக்க முடிந்தால், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இட்லியோ வாழைப்பழமோ வாங்கிக் கொடுத்தால், அதை வாங்குவதற்காக அந்தக் கையிலிருந்து துணி சிறிது நேரம் கீழே இறங்கும்.